நாலாம் அறைச் சுவர்

எங்கள் ஆலையின் நாலாம் அறையில் வேலை செய்கிற எல்லோருக்கும் ஒரு ஆசை உண்டு. யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். சொன்னால் அன்றைக்கே சீட்டுக் கிழிந்துவிடும். எனக்கு வாய் சும்மா இருக்காது, அதனால் நானே சொல்லிவிடுகிறேன். அந்தப் பொடியில் ஒரே ஒரு துளி, நம் கைமீறி, நம் மேல் பழியில்லாமல், உள்ளே போய்விடாதா, என்னதான் தெரிகிறது என்று ஒருதரம் பார்த்துவிட மாட்டோமா! இதுதான் அந்த ஆசை.

பொடி என்றதும் மூக்குப்பொடி என்று நினைத்துவிடக் கூடாது. நாங்கள் தலைவலிக்கு மருந்து செய்கிறோம். தைலம் தடவினால் போகிற தலைவலி இல்லை. ஒற்றைக் கண்ணுக்குப் பின்னால் பிடித்து, நல்ல ஆம்பிளையைக் கூடச் சுவரில் முட்டிக்கொண்டு அழ வைக்கிற தலைவலி. அந்த மருந்து எர்காட் என்ற பூஞ்சையிலிருந்து வருகிறது. ரை என்று கோதுமைக்குத் தம்பி முறையில் ஒரு தானியம் இருக்கிறது. அதன் கதிரில் மணி உட்கார வேண்டிய இடத்தில் இந்தப் பூஞ்சை உட்கார்ந்துகொண்டு, கறுப்பாக, எலிப்புழுக்கை மாதிரி நீண்டு வளரும். ஒரு காலத்தில் அது தெரியாமல் அதையும் சேர்த்து அரைத்து ரொட்டி சுட்டுத் தின்றவர்களுக்குக் கைகால் கருகிப் போயிற்றாம், இழுப்பு வந்ததாம், இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரிந்ததாம். அதே கறுப்பு மணியை மருத்துவச்சிகள் அளவாகக் கொடுத்துப் பிள்ளை பெற்றவளின் உதிரப்போக்கை நிறுத்தினார்களாம். பயிற்சியின்போது எங்களுக்குச் சொன்னது இது.

"வயல்ல கெடக்கற பூஞ்சைக்கு மனுஷன் மூளைக்குள்ள என்ன வேலை சார்?" என்று நான் அப்போதே கேட்டேன்.

பயிற்சி கொடுத்த வேதியியல்காரர் வழுக்கையைத் தடவிக்கொண்டு, "அதுக்கு நம்மளைத் தெரியவே தெரியாதும்மா. அது பாட்டுக்கு ஒண்ணைச் செஞ்சு வெச்சிருக்கு. நம்ம மூளையில இருக்கற பூட்டுக்கு அது சேருது. ஏன்னு கேட்டா யாருக்கும் தெரியல" என்றார். அந்த வருடம் முழுவதும் நான் அதையே யோசித்துக்கொண்டிருந்தேன்.

இப்போது வயலும் இல்லை கதிரும் இல்லை. முதல் அறையில் பெரிய எஃகுத் தொட்டிகளில் சர்க்கரைத் தண்ணீரைக் குடித்துப் பூஞ்சை வளர்கிறது. இரண்டாம் அறையில் வடிகட்டுகிறார்கள். மூன்றாம் அறையில் லைசர்ஜிக் அமிலம் என்று ஒன்றைப் பிரிக்கிறார்கள். நாலாம் அறைக்கு வரும்போது அது எல்.எஸ்.டி. ஆகியிருக்கும். ஆமாம், போலீஸ் பிடித்ததாகப் பேப்பரில் போடுவார்களே, அதேதான். ஐந்தாம் அறையில் அதன் தலையில் இன்னொரு அணுவை ஏற்றிவிடுவார்கள். உடனே கண்ணுக்கு வித்தை காட்டுவதை நிறுத்திவிட்டு, தலைவலியை மட்டும் கவனிக்கிற நல்ல பிள்ளையாகிவிடும். அரசாங்க அனுமதி, பூட்டு, காவல் எல்லாம் உண்டு. நடுவில், அது போக்கிரியாக இருக்கிற அந்தக் கட்டத்தில், கண்ணாடிப் பெட்டிக்குள் கையை விட்டு அதை எடைபோட்டு, இந்தப் பாத்திரத்திலிருந்து அந்தப் பாத்திரத்துக்கு மாற்றுவதுதான் எங்கள் வேலை. எங்கள் என்றால், எனக்கும் என் நாத்தனாருக்கும்.

நாத்தனார் என்றதும் உச்சுக்கொட்டாதீர்கள். எங்களுக்குள் அடிதடியெல்லாம் கிடையாது. அவளுக்குப் பிறந்ததிலிருந்தே கண் மோசம், அதனால் வீட்டில் பெயரே சோடாபுட்டி. கோபம் வந்தால் சோடா, கொஞ்சினால் புட்டி. அவளைக் கட்டிக்கொண்டவன் இரண்டே வருடத்தில் வேறொருத்தியோடு போய்விட்டான். திரும்பி வந்து எங்கள் வீட்டுப் பின்னறையில் பெட்டியைக் கூடப் பிரிக்காமல் உட்கார்ந்திருந்தாள். தட்டில் வைத்ததைச் சாப்பிடுவாள், கேட்டதற்குப் பதில் சொல்வாள், அவ்வளவுதான். நான்தான் இழுத்துக்கொண்டு போய் ஆலையில் சேர்த்தேன். அங்கேதான் அவள் கை எப்பேர்ப்பட்ட கை என்று தெரிந்தது. உப்புக்கல்லில் நாலில் ஒரு பங்கை நிறுக்கச் சொன்னாலும் தராசு முள் பிசகாது. மேலாளரே கதவுக்கு வெளியில் நின்று அனுமதி கேட்டுவிட்டுத்தான் அவள் இருக்கும் அறைக்குள் வருவார். அந்த அறைக்குள் போன பிறகுதான் அவள் முதுகு நிமிர்ந்தது, வாய் திறந்தது, என்னைக் கிண்டல் பண்ணவும் கற்றுக்கொண்டாள்.

நாலாம் அறையில் தனி ஆளுக்கு இடமில்லை. ஜோடியாகத்தான் போக வேண்டும். அரைமணிக்கு ஒருமுறை மணி அடிக்கும். உடனே கையை எடுத்துவிட்டு ஒருத்தி கேட்க வேண்டும், மற்றவள் சொல்ல வேண்டும்.

"சுவர் எப்படி இருக்கு?"

"நேரா இருக்கு."

"விளக்கு?"

"மஞ்சள். ஒண்ணே ஒண்ணு."

"நான் யாரு?"

இதற்குப் பெயரைச் சொல்ல வேண்டும் என்பது விதி. அவள் சொல்கிற பதில், "எங்க அண்ணனைக் கைக்குள்ள போட்டுக்கிட்ட மகராசி." அவள் கேட்டு நான் சொல்லும் முறை வரும்போது, "எங்க வீட்டுச் சோத்துக்குப் பொறந்த வாய்" என்பேன்.

மஞ்சள் விளக்கு எதற்கென்றால், அந்தப் பொடிக்கு வெளிச்சம் ஆகாது, கெட்டுப்போகும். சுவர் எதற்கென்றால், பொடி உள்ளே போனால் முதலில் நெளிவது கோடுகள்தானாம். அதற்காகவே நாலு பக்கமும் வெள்ளை டைல்ஸ் பதித்து, இடுக்குகளில் கறுப்புப் பூச்சுப் பூசி, கட்டம் கட்டமாக வைத்திருந்தார்கள். சுவர் நேராக இல்லை என்று யாராவது சொன்னால் சிவப்புப் பொத்தானை அழுத்த வேண்டும். நர்ஸ் வந்து அழைத்துப் போய் நாள் முழுக்கப் படுக்க வைத்துப் பார்த்துக்கொள்வார். அதற்குப் பிறகு நாலாம் அறைப் பக்கமே தலைவைத்துப் படுக்க முடியாது. ஜோடியில் ஒருத்தி போனால் மற்றவளும் போக வேண்டும். அந்தக் கண்டிப்பு எங்களுக்குத் தெரிந்துதான் கையெழுத்துப் போட்டோம்.

கதை ஆரம்பித்தது ஆலையில் இல்லை, எங்கள் வீட்டுக் குளியலறையில். என் வீட்டுக்காரர் டைல்ஸ் ஒட்டுகிறவர். ஊரில் எந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தாலும் முதலில் தரையைப் பார்த்து முகம் சுளிப்பவர். எங்கள் குளியலறையை அவரே ஒட்டி, வந்தவர் போனவரையெல்லாம் உள்ளே தள்ளிக் காட்டியவர். அவரிடம் போய் ஒருநாள் காலையில் பல் விளக்கிக்கொண்டே புட்டி சொன்னாள்: "அண்ணே, கண்ணாடிக்குப் பக்கத்துல மூணாவது வரி கொஞ்சம் வளைஞ்சிருக்கே, இப்பதான் கவனிச்சேன்."

அவ்வளவுதான். மனுஷர் ரசமட்டத்தை எடுத்துக்கொண்டு வந்து சுவரில் வைத்தார். குமிழி நடுவில் நின்றது. நூல் பிடித்தார். நேர். "பாருடி, கண்ணைத் தொறந்து பாரு! என் வேலையில கோணலா?" என்று குதித்தார். அன்று முழுவதும் தங்கையோடு பேசவில்லை. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவளும் சிரித்தாள். அதற்குப் பிறகு டைல்ஸைப் பற்றி அவள் பேச்செடுக்கவே இல்லை.

சில மாதம் கழித்துத்தான் எனக்கு மூக்கு வேர்த்தது. தேநீர் இடைவேளையில் எல்லோரும் பிஸ்கட்டுக்கு அடித்துக்கொண்டிருக்க, இவள் மட்டும் ஜன்னல் கம்பிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தலையை இந்தப் பக்கம் சாய்ப்பது, அந்தப் பக்கம் சாய்ப்பது, தானாகச் சிரிப்பது. காதல் கீதல் என்று நினைத்து ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்தேன். குப்பை வண்டிதான் நின்றது. மறுநாள் அறைக்குள், நான் கேட்காமலே சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மணி அடித்தது. கேட்டேன். "நேரா இருக்கு" என்றாள், கொஞ்சம் அவசரமாக.

கை கழுவும் இடத்தில் மடக்கினேன். "என்னடி ஒளிக்கற?"

சுற்றும் முற்றும் பார்த்தாள். ரகசியம் சொல்கிற குழந்தை மாதிரி முகம் மலர்ந்துவிட்டது. "அண்ணி, எனக்கு வந்துடுச்சு."

"என்ன வந்துச்சு?"

"அதுதான். அது."

பயந்துபோனேன் என்று சொல்லத்தான் ஆசை. உள்ளதைச் சொன்னால் முதலில் வந்தது வயிற்றெரிச்சல். அவளுக்கு முன்னால் சேர்ந்தவள் நான். அவளைவிட அதிகமாகக் கேள்வி கேட்டவள் நான். எனக்கு வராமல் இவளுக்கு எப்படி வரலாம்!

"என்ன தெரியுது? சீக்கிரம் சொல்லித் தொலை."

"கோடெல்லாம் நெளியுது அண்ணி. தண்ணிக்குள்ள கெடக்கற கயிறு மாதிரி. நான் எங்க பாக்கறேனோ அங்கதான் நெளியும், பக்கத்துல எல்லாம் ஒழுங்கா இருக்கும். கண்ணைத் திருப்பினா நெளிவும் கூடவே வரும். பஸ்ல ஜன்னல், படிக்கட்டு, பேப்பர்ல எழுத்து, எல்லாம் ஆடும். உங்க மூக்குகூட இப்ப ஒரு பக்கமா வளைஞ்சிருக்கு. நல்லாத்தான் இருக்கு, முன்னாடிக்கு இப்ப பரவாயில்ல."

"என் மூக்கு கெடக்கட்டும். எத்தனை நாளா?"

"அண்ணன் ரசமட்டம் எடுத்தாரே, அப்பவிருந்து."

"அடிப்பாவி! பொத்தானை ஏன் அழுத்தல?"

முகத்தில் சிரிப்பு போய்விட்டது. "அழுத்தினா வெளிய போடுவாங்க. உங்களையும் சேத்துப் போடுவாங்க. அதுவும் இல்லாம, அண்ணி, எனக்குன்னு இதுவரைக்கும் தனியா எதுவும் வந்ததில்ல. எல்லாம் போனதுதான். இது மட்டும் தானா வந்துச்சு."

அவள் ஈரக் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஆனால் மூளை சும்மா இருக்குமா? பஸ்ஸில் வரும்போதே குடைய ஆரம்பித்துவிட்டது. ஒரே அறை, ஒரே காற்று, ஒரே பெட்டி. அவள் கை போன துளையில்தான் மறுநாள் என் கை போகிறது. எனக்கு ஒன்றுமில்லை, அவளுக்கு மட்டும் எப்படி? வெளியே வரும்போது எங்கள் கோட்டையும் கையுறையையும் ஊதா விளக்கின் கீழே விரித்துக் காட்டச் சொல்வார்கள். அந்தப் பொடி ஒரு துளி ஒட்டியிருந்தாலும் அதில் நீலமாக மின்னும். அடுத்த நாள் நான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அவள் கோட்டைப் பார்த்தேன். காலர் மடிப்பு, பொத்தான் துளை, கண்ணாடியின் காது வரை பார்த்தேன். நீலம் என்று ஒரு பொட்டுக்கூட இல்லை. பிறகு ஆலைக்கு விடுமுறை வந்தது. வீட்டில் இருந்த மூன்று நாளும் அவளைக் கேட்டேன். நெளிகிறது, நெளிகிறது, நெளிகிறது. மூன்று நாளாகத் தொடாத பொடி எப்படி நெளிய வைக்கும்?

வாசல் காவல்காரரிடம் போனேன். அவர் ஒரு காலத்தில் நாலாம் அறையில் இருந்தவர். கையுறை கிழிந்து பொடி பட்டு, பொத்தான் அழுத்தி, வெளியே வந்து, இப்போது கேட்டில் உட்கார்ந்திருக்கிறார். எங்கள் ஆலையில் அதைக் கண்ணால் கண்ட ஒரே மனிதர். கேட்கவே வேண்டாம், கல்யாணக் கதை மாதிரி அவரே ஆரம்பித்துவிடுவார். அதுவரை நான் கதை விடுகிறார் என்று காதில் போட்டுக்கொண்டதில்லை. அன்று தேநீர் வாங்கிக் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொன்றாகக் கேட்டேன்.

"சுவர் மட்டுமா நெளிஞ்சுது?"

"சுவரா! சுவர் மூச்சு வாங்குச்சும்மா. குழாயில தண்ணி விழுது, அந்தச் சத்தம் பச்சையா இருந்துச்சு. சொன்னா யாரும் நம்ப மாட்டேங்கறாங்க. சத்தம், பச்சை கலரு. நர்ஸம்மா பேசினது எனக்கு வெல்லம் மாதிரி நாக்குல பட்டுச்சு."

"பாக்கற இடத்துல மட்டும் தெரிஞ்சுதா, எல்லா இடத்துலயுமா?"

"எல்லா இடத்துலயும்தான். கண்ணை மூடிக்கிட்டா இன்னும் ஜோரு! மூடின கண்ணுக்குள்ள கம்பளம் கம்பளமா விரியுது, சுருட்டிக்குது, மறுபடி விரியுது. கண்ணைத் தொறக்கவே மனசு வரல."

"எத்தனை நாள் இருந்துச்சு?"

"நாளா? சாயங்காலம் தெளிஞ்சுபோச்சு. மறுநாள் எந்திரிச்சுப் பாத்தா சுவரு சுவரா நிக்குது" என்றார். இத்தனை வருடத்துக்குப் பிறகும் அதைச் சொல்லும்போது அவர் குரலில் வருத்தம் இருந்தது.

வீட்டுக்கு ஓடினேன் என்றுதான் சொல்ல வேண்டும். புட்டி துணி மடித்துக்கொண்டிருந்தாள். இழுத்துக்கொண்டு போய்க் குளியலறையில் நிறுத்தினேன்.

"கண்ணை மூடு. என்ன தெரியுது?"

"கண்ணை மூடினா என்ன தெரியும்? இருட்டுதான்."

"கம்பளம்?"

"கம்பளமா? என்ன அண்ணி, உங்களுக்கு வந்துடுச்சா?"

"குழாய்ல தண்ணி விடறேன். சத்தம் என்ன கலரு?"

அவள் சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். என் வீட்டுக்காரர் கதவுக்கு வெளியில் வந்து நின்று, "மறுபடியும் என் டைல்ஸ்மேல பஞ்சாயத்தா?" என்றார். கையில் ரசமட்டம்! எங்கே வைத்திருந்தாரோ. இந்த மனுஷரோடு குடும்பம் நடத்துவது என் தலையெழுத்து. நான் அவரைப் பொருட்படுத்தவில்லை. எனக்கு வேறொன்று தோன்றியிருந்தது. ஊசியில் நூல் கோக்கும்போது நான் ஒரு கண்ணை மூடிக்கொள்வேன். அதுபோல இவள் ஒரு கண்ணை மூடினால் என்ன ஆகும்?

"வலது கண்ணைக் கையால பொத்து. மூணாவது வரியைப் பாரு."

பொத்தினாள். பார்த்தாள். சிரிப்பு மெல்ல மெல்லக் குறைந்தது.

"நேரா இருக்கு அண்ணி."

"நல்லாப் பாரு."

"நேராத்தான் இருக்கு. எல்லாமே நேரா இருக்கு."

"நான்தான் அன்னைக்கே சொன்னேனே!" என்று வெளியிலிருந்து குரல் வந்தது.

"நீங்க கொஞ்சம் வாயை மூடுங்க" என்றேன். "புட்டி, இப்ப இடது கண்ணைப் பொத்து."

பொத்தினாள். "வளையுது. ரொம்ப வளையுது. நடுவுல அழுக்குத் தண்ணி தேங்கின மாதிரி இருக்கு. ரெண்டு கண்ணாலயும் பாக்கும்போது இவ்வளவு தெரியல அண்ணி."

மருந்து மூளைக்குப் போனால் இரண்டு கண்ணுக்கும்தானே வித்தை காட்டும்? ஒற்றைக் கண்ணைப் பார்த்தா பிடிக்கும்? இது மருந்து இல்லை. இது கண்.

"அப்ப இது அது இல்லியா?" என்று கேட்டாள். கண்ணுக்கு என்ன என்று கேட்கவில்லை. முதலில் அதைத்தான் கேட்டாள். பொத்திய கையை இறக்கவும் இல்லை.

"இல்லடி."

"நாளைக்கு ரூம்ல சொல்லிடுவீங்களா?"

"ரூமாவது மண்ணாங்கட்டியாவது! டாக்டர்கிட்ட போகணும், இப்பவே போகணும்."

"டாக்டர்கிட்ட போனா லீவு போடணும். ஏன்னு கேப்பாங்க. சுவர் நேரா இல்லேன்னு தெரிஞ்சுபோயிடும். கொஞ்ச நாள் பொறுங்க அண்ணி. ஒரு கண்ணு நல்லாத்தானே இருக்கு? தராசு முள்ளு நல்லாத் தெரியுது."

"கண்ணைவிட அந்த ரூம் பெருசா உனக்கு?"

"கண்ணு எல்லாருக்கும் இருக்கு அண்ணி. அந்த ரூம் எனக்கு மட்டும்தான் இருக்கு."

எனக்கு வந்த கோபத்துக்கு அவளை ஓங்கி அறைந்திருப்பேன். அறைவதற்குப் பதிலாக அழுதேன். என் வீட்டுக்காரர் ரசமட்டத்தைக் குழாய்மேல் வைத்துவிட்டு உள்ளே வந்தார். தங்கையின் கண்ணாடியைக் கழற்றி, தன் சட்டையில் துடைத்து, மறுபடி மாட்டிவிட்டார். "கெளம்பு" என்றார். அவரிடம் அவள் எதிர்த்துப் பேசியதில்லை.

கண் டாக்டர் ஒரு பெண்மணி. என் வயதிருக்கும். விளக்கும் கண்ணாடியுமாக உள்ளே பார்த்தார், ஒரு இயந்திரத்தில் முகவாயை வைக்கச் சொல்லிப் படம் எடுத்தார். படத்தில் மலைத்தொடர் மாதிரி ஒரு கோடு, நடுவில் ஒரு வீக்கம்.

"பவர் ரொம்ப அதிகம் இவங்களுக்கு. அப்படி இருக்கற கண்ணு கொஞ்சம் இழுபட்டு நீளமா இருக்கும். பின்னாடி இருக்கற திரையும் சேர்ந்து இழுபட்டு மெலிஞ்சுபோகும். அங்க இருக்கக் கூடாத இடத்துல சின்னச் சின்ன ரத்தக்குழாய் முளைச்சுக் கசியுது. கசிஞ்சது திரையைத் தூக்கிட்டு நிக்குது. திரை கோணினா படம் கோணாதா?" என்றார். "எத்தனை நாளா நெளியுது?"

புட்டி தரையைப் பார்த்தாள். நான்தான் சொன்னேன்.

டாக்டரின் முகம் மாறிவிட்டது. "இவ்வளவு மாசமா? கோடு வளையுதுன்னா எல்லாரும் மறுநாளே ஓடி வருவாங்களே! நீங்க என்னதான் நினைச்சுக்கிட்டு இருந்தீங்க?"

மறைத்து என்ன ஆகப்போகிறது? ஆதியோடு அந்தமாகச் சொல்லிவிட்டேன். பூஞ்சை, பொடி, சுவர், மணி எல்லாம். டாக்டர் முதலில் சிரித்துவிட்டார். சிரித்தது தப்பு என்று உடனே உணர்ந்து நிறுத்திக்கொண்டார். "உலகத்துல யாரா இருந்தாலும் கண்ணுல கோளாறுன்னு நினைச்சிருப்பாங்க. உங்களுக்குன்னு இப்படி ஒரு ரூம் வாய்ச்சுதே!" என்றார். பிறகு மாதாமாதம் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார்.

"டாக்டர், ஊசி போட்டா நெளியறது நின்னுடுமா?" என்று புட்டி கேட்டாள்.

"நிக்கணும்னுதான் போடறோம்."

"நின்னா பழையபடி ஆயிடுமா?"

"கசிவு நின்னா மேல மோசமாகாது. ஏற்கெனவே கெட்டது எவ்வளவுன்னு போகப்போகத்தான் தெரியும்" என்றார் டாக்டர். சீக்கிரம் வந்திருந்தால் என்று அவர் தொடங்கவில்லை. தொடங்காததுதான் எனக்கு வலித்தது.

கண்ணுக்குள்ளேயே ஊசி. நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். அவளோ உள்ளே போய்விட்டு வந்து, "வலிக்கவே இல்ல அண்ணி. மருந்து உள்ள போகும்போது கறுப்பா சுருள் சுருளா ஓடினதைப் பாத்தேன், புகை மாதிரி" என்றாள். அவளுக்கு அப்போதும் பார்க்கிற ஆசைதான்.

ஆலையில் நானே போய்ச் சொன்னேன். ஆலை டாக்டர் அவளுடைய ரத்தம், சிறுநீர் எல்லாம் எடுத்துப் பார்த்தார். பொடி ஒரு துளிகூட இல்லை. ஆனாலும் விதி விதிதான் என்றுவிட்டார்கள். எந்தக் காரணத்தால் என்றாலும் சுவர் நேராகத் தெரியாத ஆளை அந்த அறைக்குள் விட முடியாதாம். என்ன சொல்லிச் சண்டை போட? அவர்கள் சொன்னதில் ஞாயம் இருந்தது, அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது. இரண்டு பேரையும் மாத்திரை அட்டையைப் பெட்டியில் போடும் பகுதிக்கு மாற்றினார்கள். அங்கே வெள்ளை வெளிச்சம், ஏகப்பட்ட பேர், நாள் முழுக்கப் பாட்டு. யாரும் யாரையும் எதுவும் கேட்க வேண்டியதில்லை.

புட்டி என்னோடு பேச்சைக் குறைத்துவிட்டாள். கோபம் என்று சொல்ல மாட்டாள். "சாப்பிட்டீங்களா", "பஸ் வந்துடுச்சு", அவ்வளவுதான். பழையபடி பின்னறையில் போய் உட்கார்ந்துகொண்டாள். என் வீட்டுக்காரர் அவளைச் சிரிக்க வைக்க என்னென்னவோ செய்து பார்த்தார். சமையலறையில் ஒரு டைல்ஸை வேண்டுமென்றே கோணலாக ஒட்டிவிட்டு, "எங்கேன்னு கண்டுபிடி பாப்போம்" என்றார். தன் தொழிலுக்கே துரோகம் பண்ணிய மனுஷர், பாவம். அவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை. நான் உள்ளுக்குள் வெந்துகொண்டிருந்தேன். கண்ணைக் காப்பாற்றத்தானே சொன்னேன்! அதற்கு இந்தத் தண்டனையா? ஒவ்வொரு மாதமும் ஊசிக்கு நான்தான் அழைத்துப் போனேன், வழி நெடுக அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வருவாள்.

கடைசி ஊசி போட்டுச் சில வாரம் கழித்துப் பரிசோதனைக்கு வரச் சொன்னார்கள். டாக்டர் படத்தைப் பார்த்தார். வீக்கம் இல்லை. மலைத்தொடர் தட்டையாகியிருந்தது. "கசிவு நின்னுடுச்சு" என்றார். எனக்கு உயிர் வந்தது. பிறகு ஒரு கறுப்புக் கரண்டி மாதிரி ஒன்றைப் புட்டியின் இடது கண்ணில் வைத்து மூடினார். வலது கண்ணால் மட்டும் பார்க்கச் சொன்னார். எழுத்துப் பலகையில் மேலே இருந்த பெரிய எழுத்துக்கே அவள் திணறினாள். டாக்டர் பலகையை விட்டுவிட்டு, "சரி, எழுத்து வேணாம். எதிர்ல உக்காந்திருக்காங்களே உங்க அண்ணி, அவங்களைப் பாருங்க" என்றார்.

எதிரில் முக்காலியில் நான். கைக்கெட்டும் தூரம். புட்டி என் பக்கம் திரும்பினாள். பார்வை என் மேல் நிற்கவில்லை. பக்கவாட்டில் போய், எனக்குப் பின்னால் எதையோ பார்ப்பது போல நின்றது. இத்தனை மாதமாக அடக்கி வைத்திருந்தது எனக்குப் பொங்கிவிட்டது.

"டாக்டர் சொன்னாக்கூட என் மூஞ்சியைப் பாக்க மாட்டியா? அவ்வளவு கோபமாடி உனக்கு? நான் உனக்கு என்ன கெடுதல் பண்ணேன்? பாருடி என்னை!"

"உங்களைத்தான் அண்ணி பாக்கறேன்" என்றாள்.

"என்னையா? என் காதைப் பாத்துக்கிட்டிருக்க!"

"நேராப் பாத்தா உங்க முகம் இருக்கற எடத்துல ஒண்ணுமே இல்ல அண்ணி. கழுத்து தெரியுது, முடி தெரியுது. நடுவுல யாரும் இல்ல." ஏதோ புதிதாகக் கண்டுபிடித்ததைச் சொல்கிற குரல்தான். நாலாம் அறையில் தராசுக்கு முன்னால் உட்கார்ந்தால் வருகிற பழைய குரல். "காதைப் பாத்தா முகம் பக்கத்துல வந்து நிக்குது. கொஞ்சம் மங்கலா இருக்கு, ஆனா மூக்கு வளையல. நேரா இருக்கு. அசையாம இருங்க, இன்னும் கொஞ்சம் பாத்துக்கறேன்."

டாக்டர் எதையோ எழுதுவது போலக் குனிந்துகொண்டார். நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். கையை எடுத்துத் துடைத்துக்கொண்டால் அசைந்துவிடுவேனே என்று துடைக்கவும் இல்லை.

"அழாதீங்க அண்ணி" என்றாள் புட்டி, என் காதைப் பார்த்துக்கொண்டே.